ஷெர்லாக் ஹோம்ஸ் பார்க்கத் தொடங்குகிறீர்களா? முதலில் வாட்சனைக் கவனியுங்கள்

போன வாரம் பெருந்துறையிலிருந்து அக்கா மகள் கூப்பிட்டாள். கல்லூரிக்கு லீவு. "மாமா, ஷெர்லாக் ஹோம்ஸ் பார்க்கலாம்னு இருக்கறனுங்க. ஆனா தேடினா ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு ஆளு ஹோம்ஸா வர்றாங்க. யாரைப் பார்க்கறது, எதுல ஆரம்பிக்கறது?" என்றாள். போனில் அவளுக்குச் சொன்னது பாதிதான். மீதியையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இதே ஆசையோடு கிளம்பி, தப்பான வாசலில் நுழைந்து, இரண்டு எபிசோடோடு விட்டுவிட்டவர்கள் என் கூட்டாளிகளிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள்.

அவள் குழம்பியதில் தப்பே இல்லை. 2012இல் கின்னஸ்காரர்கள் கணக்கெடுத்தபோது, சினிமாவிலும் டிவியிலுமாக 254 முறை இந்தத் துப்பறியும் ஹோம்ஸ் திரைக்கு வந்திருந்தார், எழுபத்தைந்துக்கும் மேற்பட்ட நடிகர்கள் அந்த வேஷத்தைப் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகும் வந்துகொண்டேதான் இருக்கிறது. அத்தனையும் பார்க்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. ஏழெட்டுப் பேரை ஒழுங்கான வரிசையில் பார்த்தால் போதும், அப்புறம் உங்கள் ரசனையே வழி காட்டும்.

வரிசைக்குப் போவதற்கு முன்னால் ஒன்று. எதைக் கவனிக்க வேண்டும் என்பதை என் அப்புச்சிதான், அம்மாவின் அப்பா, எனக்குக் காட்டிக் கொடுத்தார். அவர் கோபிப் பக்கம் தோட்டத்தில் மஞ்சள் போட்டவர், ஈரோட்டு மஞ்சள் மண்டிகளுக்கு நாற்பது வருஷம் நடந்தவர். மூட்டையிலிருந்து ஒரு விரலியை எடுப்பார், காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒடிப்பார். 'டிக்' என்று உலோகத்தைத் தட்டினது போலச் சத்தம் வந்தால் சரியாகக் காய்ந்தது, மெத்தென்று வளைந்து ஒடிந்தால் ஈரம் இருக்கிறது. ஒடித்த வாயைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டி, நிறத்தைப் பார்த்து, வேகவைத்ததில் எங்கே பிசகினார்கள் என்று சொல்வார். மூட்டைக்குச் சொந்தக்காரர் வாயைத் திறப்பதற்குள் பாதிக் கதை அவருக்குத் தெரிந்திருக்கும்.

அவரை ஒரு நாள் சாளையில் உட்காரவைத்து லேப்டாப்பில் ஜெரமி பிரெட் ஹோம்ஸாக நடித்த ஒரு எபிசோடைப் போட்டேன். அப்புச்சிக்கு இங்கிலீஷ் தெரியாது. பத்து நிமிஷம் பேசாமல் பார்த்தவர், "கண்ணு, இந்தாளு வர்றவீக மூஞ்சியப் பாக்கறதில்ல, கையத்தான் பாக்கறான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பக்கத்துல நிக்கறானே, அவனுக்கு இவன் மேல நெம்பப் பிரியம் போல" என்றார். அந்த இரண்டாவது வார்த்தையில்தான் எனக்கு விளங்கியது. ஹோம்ஸ் எப்படிப்பட்ட ஆள் என்பதை நமக்குக் காட்டுவது அவர் நண்பர் டாக்டர் வாட்சனின் முகம். அவர் வியக்கிறாரா, கோபப்படுகிறாரா, பயப்படுகிறாரா, அதை வைத்துத்தான் நாம் ஹோம்ஸை எடை போடுகிறோம். கதைகளிலும் அப்படியேதான், கிட்டத்தட்ட எல்லாவற்றையும் நமக்குச் சொல்பவர் வாட்சன். ஆகவே எந்த நடிகரைப் பார்த்தாலும், துணைக்கு வரும் வாட்சன் யார், அவரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

முதலில் ஒரே ஒரு கதையைப் படியுங்கள்

ஆர்தர் கானன் டாயில் எழுதியது மொத்தம் 4 நாவல்கள், 56 சிறுகதைகள். முதல் நாவல் 1887இல் வந்தது, 1891இலிருந்து ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் சிறுகதைகள் வர ஆரம்பித்த பிறகுதான் ஊரெல்லாம் பைத்தியமானது. அத்தனையும் படித்துவிட்டு வா என்று சொல்லமாட்டேன். 'தி ஸ்பெக்கிள்ட் பேண்ட்' என்ற ஒரு சிறுகதையை மட்டும் படித்துவிடுங்கள், ஒரு பொழுதில் முடிந்துவிடும். இங்கிலீஷில் சிரமமாக இருந்தால் தமிழில் ஹோம்ஸ் மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன, நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஏன் இந்தக் கதை? அதிகாலையில் ஒரு பெண் நடுங்கிக்கொண்டே வருகிறாள். ஹோம்ஸ் அவளைப் பார்த்ததுமே, நீங்கள் ரயிலில் வந்திருக்கிறீர்கள், அதற்கு முன்னால் சேற்றுப் பாதையில் குதிரை வண்டியில் வந்திருக்கிறீர்கள் என்கிறார். எப்படி? இடது கையுறைக்குள் ரிட்டர்ன் டிக்கெட்டின் பாதி தெரிகிறது. சட்டையின் இடது கையில் ஏழு இடத்தில் புதுச் சேறு தெறித்திருக்கிறது, வண்டிக்காரனுக்கு இடது பக்கம் உட்கார்ந்தால்தான் அப்படித் தெறிக்கும். அவள் போன பிறகு ஒரு முரட்டு ஆசாமி உள்ளே வந்து மிரட்டுகிறான், கணப்படுப்பில் தீயைக் கிளறுகிற இரும்புக் கம்பியைக் கையாலேயே வளைத்துக் காட்டிவிட்டுப் போகிறான். ஹோம்ஸ் அதை எடுத்து, ஒரே மூச்சில் நிமிர்த்தி வைக்கிறார். கவனிக்கிற கண், பலம், அமைதி, கொஞ்சம் பெருமை எல்லாம் இந்த நாலு பக்கத்துக்குள் வந்துவிடுகிறது. மீதிக் கதையைச் சொல்லமாட்டேன்.

படித்து முடித்ததும் உங்கள் மனதுக்குள் ஒரு ஹோம்ஸ் உருவாகியிருப்பார். அவரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். திரையில் வருகிற ஒவ்வொருவரையும் அவரோடுதான் ஒப்பிடப் போகிறீர்கள்.

இடையில் ஒரு விஷயம். வளைந்த பைப்பும் இரண்டு பக்கம் முனை வைத்த தொப்பியும் இருந்தால்தான் ஹோம்ஸ் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். அந்தத் தொப்பியை டீர்ஸ்டாக்கர் என்ற பெயரோடு டாயில் எங்கேயும் எழுதவில்லை, கதைகளுக்குப் படம் வரைந்த சிட்னி பேஜட் போட்டுவிட்டது அது. வளைந்த பைப் மேடையிலிருந்து வந்தது, 1899இலிருந்து ஹோம்ஸ் நாடகம் போட்டுக்கொண்டிருந்த அமெரிக்க நடிகர் வில்லியம் ஜில்லெட் பழக்கியது. அவரே நடிக்க அது 1916இல் ஊமைப்படமாகவும் வந்தது. நம்ம கோயமுத்தூரில் சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டி இரண்டு வருஷம் ஆகியிருந்த காலம் அது. அந்தப் படம் அழிந்தே போனது என்று எல்லோரும் நினைத்திருக்க, 2014இல் பாரிஸ் திரைப்படக் காப்பகத்தில் ஒரு பிரதி கிடைத்தது. இன்று நாமும் பார்க்கலாம். ஆனால் தொடக்கத்திலேயே வேண்டாம்.

பிறகு ஜெரமி பிரெட்

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் ஹோம்ஸாக பிரெட்டைத்தான் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் கிரனாடா டிவிக்காக 1984 முதல் 1994 வரை எடுத்தது, மொத்தம் 41 எபிசோடு. கதைகள் எழுதப்பட்ட அதே விக்டோரியா காலம், அதே உடை, பல இடங்களில் டாயிலின் வசனமே. பிரெட் தனக்கென்று 77 பக்கத்தில் ஒரு குறிப்புக் கோப்பே வைத்திருந்தார், ஹோம்ஸ் என்ன சாப்பிடுவார், எப்படி உட்காருவார், எதற்குச் சிரிப்பார் என்று கதைகளிலிருந்து பொறுக்கி எடுத்தது. மூலத்திலிருந்து வசனம் விலகினால் படப்பிடிப்பிலேயே சண்டை பிடிப்பாராம்.

'தி ஸ்பெக்கிள்ட் பேண்ட்' முதல் வரிசையிலேயே, அதாவது முதல் சீசனிலேயே இருக்கிறது, ஆறாவது எபிசோடு. படித்த கையோடு அதைப் போடுங்கள். முதல் தடவை சாதாரணமாகப் பாருங்கள். பிறகு, அந்தப் பெண் பேசுகிற காட்சியை மட்டும் சத்தத்தை அணைத்துவிட்டு இன்னொரு தடவை பாருங்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள், சத்தம் இல்லாமல்தான் பிரெட் முழுசாகத் தெரிவார். விரல்கள் உதட்டுக்கு வரும், கண் மூடியிருக்கும், எதிரே இருப்பவர் ஒரு வார்த்தையை விழுங்கினால் இமை சட்டென்று திறக்கும். திடீரென்று ஒரு சிரிப்பு மின்னி அடுத்த நொடியில் அணைந்துவிடும். கையை ஒரு வெட்டு வெட்டுவார், அறையே திரும்பிப் பார்க்கும்.

அடுத்தது 'தி ரெட் ஹெடட் லீக்'. ஒரு அடகுக்கடைக்காரருக்குத் தலைமுடி சிவப்பாக இருக்கிறது என்பதற்காகவே வாரம் 4 பவுண்டு சம்பளத்தில் என்சைக்ளோபீடியாவைப் பார்த்து எழுதுகிற வேலை கிடைக்கிறது, ஒரு நாள் அந்த வேலை ஆபீஸோடு மாயமாகிறது. இதில் ஹோம்ஸ் கடை வாசலில் நின்று தடியால் தரையைத் தட்டிப் பார்ப்பார், வேலைக்காரனிடம் வழி கேட்பார். அவனுடைய கால்சட்டை முட்டியைத்தான் பார்க்கப் போனேன் என்று பிறகு வாட்சனிடம் சொல்வார். என்ன தெரிந்தது என்பதை நீங்களே பாருங்கள். மூலக் கதையில் இல்லாத மொரியார்ட்டியை, ஹோம்ஸின் பரம எதிரியை, இந்த எபிசோடில் நுழைத்திருக்கிறார்கள், அது அடுத்து வரும் 'தி ஃபைனல் பிராப்ளம்' எபிசோடுக்கு அடித்தளம் போடுவதற்காக.

இந்தத் தொடரில் வாட்சன் இரண்டு பேர். முதல் 13 எபிசோடில் டேவிட் பர்க், துறுதுறுவென்று இருப்பார், ஹோம்ஸோடு சேர்ந்து சிரிப்பார். அவர் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் மனைவியோடு நடிக்கப் போய்விட, அவரே சிபாரிசு செய்து வந்தவர் எட்வர்ட் ஹார்ட்விக். இவர் நிதானமானவர், கண்ணில் ஒரு கவலை இருந்துகொண்டே இருக்கும். நடிகர் மாறியதும் ஹோம்ஸின் சாயலும் லேசாக மாறுவதைக் கவனியுங்கள். பர்க் பக்கத்தில் இருக்கும்போது பிரெட் விளையாட்டுப் பிள்ளை, ஹார்ட்விக் பக்கத்தில் இருக்கும்போது யாரோ தாங்கிப் பிடிக்க வேண்டிய ஆள்.

அதற்கு வெளியே ஒரு காரணமும் இருந்தது. பிரெட்டுக்கு மனநலப் பிரச்சினை இருந்தது, கூடவே இதயமும் பழுதாகிக்கொண்டே வந்தது. கடைசி வரிசைகளில் முகமும் உடம்பும் ஊதியிருக்கும், மூச்சு வாங்கும். 1995இல் 61 வயதில் இறந்துபோனார். அதனால் 1984லிருந்து வரிசையாகவே பாருங்கள், பின்னாலிருந்து ஆரம்பித்துவிடாதீர்கள். 'தி டெவில்ஸ் ஃபுட்' எபிசோடில் ஹோம்ஸ் கடற்கரை மணலில் தன் போதை ஊசியைப் புதைக்கிற ஒரு காட்சி வரும். மூலத்தில் இல்லாதது. பார்க்கிற பிள்ளைகளுக்குத் தப்பான முன்மாதிரி ஆகிவிடக் கூடாதே என்று பிரெட் விரும்ப, டாயிலின் மகளும் சம்மதித்து, சேர்த்தது. மூலத்திலிருந்து ஒரு வரி விலகினாலும் சண்டை பிடித்த மனிதர் தானே கேட்டு வாங்கிய மாற்றம் இது. அந்தக் காட்சியை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை.

பிரெட்டில் ஒரு பத்து எபிசோடு முடித்துவிட்டு அடுத்த ஆளிடம் போங்கள். 41ஐயும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை.

கம்பர்பேட்ச்: இன்றைய லண்டன்

பலர் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள், அதில்தான் சிக்கல். பெனடிக்ட் கம்பர்பேட்ச் ஹோம்ஸாக நடிக்க பிபிசி எடுத்த 'ஷெர்லாக்' 2010 முதல் 2017 வரை வந்தது, சிறப்பு எபிசோடோடு சேர்த்து 13தான், ஒவ்வொன்றும் ஒரு சினிமா மாதிரி ஒன்றரை மணி நேரம். மூலக் கதை தெரிந்தவருக்கு இது இரட்டை விருந்து. தெரியாதவருக்குப் பாதி ருசி கைக்கு எட்டாமலே போய்விடும்.

ஒரு காட்சியைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். 'தி சைன் ஆஃப் ஃபோர்' நாவலில் வாட்சன் தன் பாக்கெட் கடிகாரத்தைக் கொடுத்து, இதை வைத்திருந்தவரைப் பற்றிச் சொல்லு பார்க்கலாம் என்று சோதிப்பார். ஹோம்ஸ் பின்மூடியைத் திறந்து பூதக்கண்ணாடியில் பார்ப்பார். உள்ளே அடகுக்கடைக்காரர்கள் ஊசிமுனையில் கீறிய நம்பர்கள், நான்கு. சாவி கொடுக்கிற துளையைச் சுற்றி ஆயிரம் கீறல்கள், குடிகாரன் கைநடுக்கத்தோடு இரவில் சாவி கொடுத்ததன் அடையாளம். உன் அண்ணன் நன்றாக வாழ்ந்து, கெட்டு, குடித்துச் செத்தவர் என்பார். வாட்சன் துள்ளி எழுந்து, மனசு கசந்து, நொண்டிக்கொண்டே அறைக்குள் நடப்பார். எங்கேயோ விசாரித்து வைத்துக்கொண்டு வித்தை காட்டுகிறாய் என்று கோபப்படுவார்.

'ஷெர்லாக்' முதல் எபிசோடில் அந்தக் கடிகாரம் செல்போன் ஆகிவிட்டது. சார்ஜர் சொருகுகிற துளையைச் சுற்றிக் கீறல்கள். டாக்ஸியில் போகும்போது ஷெர்லாக் மூச்சு விடாமல் அடுக்குகிறார். இங்கே மார்ட்டின் ஃப்ரீமனின் வாட்சன் கோபப்படவில்லை, பிரமாதம் என்கிறார், மனசாரச் சொல்கிறார். யாரும் தன்னிடம் அப்படிச் சொன்னதில்லை என்று கம்பர்பேட்ச் முகத்தில் ஒரு நொடி தடுமாற்றம். அப்புறம்தான் தெரிகிறது, அவர் ஒரே ஒரு இடத்தில் தப்பு செய்திருக்கிறார், ஹாரி என்பது வாட்சனின் சகோதரன் இல்லை, சகோதரி. இவ்வளவு அலசுகிற ஆளுக்கும் ஒன்று நழுவும் என்று முதல் எபிசோடிலேயே சொல்லிவிடுகிறார்கள். அதே எபிசோடில் இன்னொரு குறும்பும் உண்டு. டாயிலின் முதல் நாவலான 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'டில் சுவரில் எழுதியிருக்கும் 'ராக்கே' என்ற வார்த்தையைப் பெண்ணின் பெயர் என்று போலீஸ் நினைக்க, ஜெர்மனில் பழிவாங்குதல் என்று ஹோம்ஸ் திருத்துவார். டிவியில் அப்படியே தலைகீழ், ஜெர்மன் வார்த்தை என்று சொன்னவனை மடக்கி, இது ரேச்சல் என்ற பெயர்தான் என்கிறார் ஷெர்லாக்.

1880களில் வாட்சன் ஆப்கன் போரில் அடிபட்டுத் திரும்பிய ராணுவ டாக்டர். 2010 வாட்சனும் ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய ராணுவ டாக்டர்தான், நூறு வருஷம் தாண்டியும் ஒரு எழுத்து மாற்ற வேண்டியிருக்கவில்லை.

பார்க்கிற முறை: இங்கிலீஷ் சப்டைட்டிலைக் கட்டாயம் போடுங்கள், கம்பர்பேட்ச் பேசுகிற வேகத்துக்கு காது ஈடுகொடுக்காது. திரையில் வார்த்தைகள் மிதந்து வரும் இடங்களில் நிறுத்தி நிறுத்திப் படியுங்கள், அதில்தான் துப்பு இருக்கும். போனில் வேண்டாம், கொஞ்சம் பெரிய திரை நல்லது. முதல் இரண்டு வரிசை, அதாவது 6 எபிசோடு, அற்புதம். மூன்றாவது நன்றாகவே இருக்கும். நான்காவதில் ஹோம்ஸின் வீட்டு விவகாரம் கூடி, துப்பறிவது குறைந்துவிட்டது என்பது என் அபிப்ராயம், ஆறோடு நிறுத்தினாலும் நஷ்டமில்லை.

ஒரு சின்னப் பயிற்சி சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. ஹோம்ஸ் செத்துவிட்டார் என்று எல்லோரும் நினைத்து, பிறகு திரும்பி வருகிறார் என்பது நூறு வருஷமாக ஊரறிந்த சேதி, அதனால் ரகசியத்தை உடைத்துவிட்டேன் என்று கோபிக்காதீர்கள். 1986இல் வந்த பிரெட்டின் 'தி எம்ப்டி ஹவுஸ்' எபிசோடில் அவரைக் கண்டதும் ஹார்ட்விக்கின் வாட்சன் மயங்கி விழுகிறார், மூலக் கதையில் உள்ளபடியே. 2014இல் வந்த 'தி எம்ப்டி ஹர்ஸ்' எபிசோடில் ஃப்ரீமனின் வாட்சன் பாய்ந்து அடிக்கிறார், ஒரு தடவை இல்லை. இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள். இரண்டுமே அன்புதான், ஆனால் மயங்கி விழுகிறவர் பக்கத்தில் ஹோம்ஸ் கலங்கிப்போன நண்பனாகத் தெரிகிறார், அடிக்கிறவர் எதிரில் தான் செய்த கொடுமை என்னவென்றே புரியாத பையனாகத் தெரிகிறார்.

கறுப்பு வெள்ளை: பேசில் ராத்போன்

1939 முதல் 1946 வரை 14 படம். முதல் இரண்டு மட்டும் விக்டோரியா காலம். கம்பெனி மாறிய பிறகு வந்த 12 படத்திலும் ஹோம்ஸை அன்றைய உலகப் போர்க் காலத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள், சிலவற்றில் நாஜிகளைத் துரத்துகிறார். இன்றைய காலத்துக்கு ஹோம்ஸை மாற்றுவது 2010இல் வந்த புது யோசனை என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

ராத்போனின் மூக்கும் குரலும் நடையும் பார்த்தால் பேஜட் வரைந்த படம் எழுந்து வந்தது போல இருக்கும். ஆனால் நைஜல் புரூஸின் வாட்சனைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர் தடுமாறி, முனகி, எல்லாவற்றையும் தப்பாகப் புரிந்துகொள்கிற வயசாளி. பார்க்கச் சிரிப்பாக இருக்கும், மனசுக்கும் இதமான மனிதர். ஆனால் கதையில் உள்ள வாட்சன் துப்பாக்கி பிடித்த ராணுவ டாக்டர், மடையர் அல்ல. புரூஸ் அவ்வளவு பிரபலமாகிவிட்டதால், பிறகு வந்த பல வருஷங்களுக்கு வாட்சன் என்றாலே கோமாளி என்று ஆகிப்போனது. அந்தக் கறையைத் துடைத்ததில் பர்க்குக்கும் ஹார்ட்விக்குக்கும் பெரிய பங்கு உண்டு. புரூஸைப் பார்த்துவிட்டு பர்க்கைப் பார்த்தால் அருமை இன்னும் தெரியும்.

1939இல் வந்த 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்', 1944இல் வந்த 'தி ஸ்கார்லெட் க்ளா', இந்த இரண்டும் போதும். கடைசிப் படங்களில் சிலவற்றுக்கு அமெரிக்காவில் காப்புரிமை காலாவதியாகிவிட்டது, அதனால் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கும். கலர் பூசிய பிரதிகளும் சுற்றுகின்றன, அவற்றைத் தொடாதீர்கள். நிழல்தான் அந்தப் படங்களின் உயிர், கலர் பூசினால் அது செத்துப்போகிறது.

ரஷ்யாக்காரரைத் தவறவிடாதீர்கள்

வசீலி லிவனோவ். சோவியத் டிவிக்காக 1979 முதல் 1986 வரை இகோர் மாஸ்லென்னிகோவ் இயக்கியது. லண்டனுக்குப் போக முடியாத காலம், அதனால் ரீகா நகரத்தின் ஒரு பழைய தெருவை ஹோம்ஸ் குடியிருக்கிற பேக்கர் தெருவாக்கிவிட்டார்கள். பேச்சு ரஷ்ய மொழி, நாம் எழுத்தைப் படித்துத்தான் பார்க்க வேண்டும். தயங்காதீர்கள். லிவனோவின் கரகரத்த குரல் ஒன்றே போதும், அது காதில் ஒட்டிக்கொள்ளும். ஹோம்ஸ்களிலேயே அன்பான ஹோம்ஸ் இவர்தான், அறைக்குள் வந்தவருக்கு நாற்காலி இழுத்துப் போடுகிற மனிதர் என்று தோன்றும். விட்டாலி சொலோமினின் வாட்சன் இளைஞர், துடிப்பானவர், தொடக்கத்தில் தன்னோடு குடியிருக்கிற இந்த ஹோம்ஸ் ஒரு குற்றவாளியோ என்றே சந்தேகப்படுகிறார். அந்த இடங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

முதல் படத்திலேயே 'தி ஸ்பெக்கிள்ட் பேண்ட்' கதையும் வருகிறது. படித்த கதை, பிரெட்டில் பார்த்த கதை, இப்போது மூன்றாவது முறை. கதை தெரிந்துவிட்டதால் இனி நடிப்பை மட்டும் பார்க்கலாம், அதற்காகத்தான் அந்தக் கதையை முதலில் படிக்கச் சொன்னேன். லிவனோவுக்கு 2006இல் இங்கிலாந்து கௌரவப் பட்டம் கொடுத்தது. மாஸ்கோவில் இங்கிலாந்து தூதரகத்துக்குப் பக்கத்தில் ஹோம்ஸுக்கும் வாட்சனுக்கும் சிலை இருக்கிறது, முகம் லிவனோவுடையது, சொலோமினுடையது.

இதற்குள் உங்களுக்கு ஹோம்ஸ் பிடித்துப்போயிருந்தால் ஒரு லீவு வாரத்தில் 'ஹவுண்ட்' கதையை மட்டும் வரிசையாகப் பாருங்கள்: ராத்போன் 1939, பீட்டர் குஷிங் 1959, லிவனோவ் 1981, பிரெட் 1988, கம்பர்பேட்ச் 2012. குஷிங்கினுடையதுதான் கலரில் வந்த முதல் ஹோம்ஸ் படம். இந்தக் கதையில் ஹோம்ஸ் நடுவில் வெகுநேரம் காணாமல் போய்விடுவார், சதுப்பு நிலத்தில் வாட்சன் தனியாகக் கதையைச் சுமக்க வேண்டும். எந்த வாட்சனை நம்பிக் கதையை ஒப்படைக்கலாம் என்பது அங்கே வெட்டவெளிச்சமாகிவிடும்.

அடிதடியும் நியூயார்க்கும்

ராபர்ட் டௌனி ஜூனியர் நடித்த இரண்டு படம், 2009, 2011. வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்க இது நல்லது, ஓட்டம் அதிகம். ஹோம்ஸ் சண்டை போடுவாரா என்று முகம் சுளிக்க வேண்டாம், கதைகளிலேயே அவர் குத்துச்சண்டை தெரிந்தவர். அடிக்கப் போகிற அடியை மனசுக்குள் முதலில் மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு நிஜத்தில் அடிக்கிற உத்தி அருமை, துப்பறிகிற மூளை சண்டையிலும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஜூட் லாவின் வாட்சன் மிடுக்கானவர், இவருக்கு ஹோம்ஸைத் திட்டவும் தெரியும்.

'எலிமெண்ட்டரி' நேரம் நிறைய இருப்பவர்களுக்கு. 2012 முதல் 2019 வரை 154 எபிசோடு. ஜானி லீ மில்லரின் ஹோம்ஸ் போதையிலிருந்து மீண்டு நியூயார்க்கில் இருக்கிறார், அவர் மறுபடி வழுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வருகிறவர் வாட்சன், அறுவை சிகிச்சையை விட்டுவிட்ட டாக்டர், லூசி லியூ. வாட்சன் பெண்ணானதும் காதல் கதை ஆக்கிவிடுவார்களோ என்று பயந்தேன், கடைசி வரை ஆக்கவில்லை. அவள் மெல்ல மெல்லத் தானே துப்பறிகிறவளாக வளர்வதுதான் இந்தத் தொடரின் அழகு. தினம் ஒன்று என்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மில்லரும் கம்பர்பேட்சும் 2011இல் லண்டன் மேடையில் ஒரே நாடகத்தில் இரண்டு முக்கிய வேஷங்களை முறை மாற்றி மாற்றி நடித்தவர்கள் என்பது உபரித் தகவல்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் நெட்ஃபிளிக்ஸில் 2020இல் வந்த 'எனோலா ஹோம்ஸ்' போடுங்கள், ஹோம்ஸின் தங்கைதான் நாயகி, ஹென்றி கேவில் அண்ணனாக வருகிறார். பிரெட்டில் பிள்ளைகளுக்கு ஏற்றது வாத்து ஒன்றின் வயிற்றிலிருந்து ரத்தினம் வருகிற 'தி ப்ளூ கார்பங்கிள்'. 'தி டெவில்ஸ் ஃபுட்' எபிசோடைக் கொஞ்சம் வளர்ந்த பிறகு காட்டலாம்.

நம்ம பக்கத்தில்

துப்பறியும் கதைக்கு நமக்குப் பஞ்சமில்லை. கோயமுத்தூர் ராஜேஷ்குமாரின் விவேக்கைப் படிக்காமல் பஸ் ஏறிய தலைமுறை உண்டா? சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஜெய்சங்கரை வைத்து 'சி.ஐ.டி. சங்கர்' எல்லாம் எடுத்தது, ஆனால் அது ஜேம்ஸ்பாண்ட் வழி. ஹோம்ஸ் வழியில் தமிழில் வந்தது 2017இல் மிஷ்கின் எடுத்த 'துப்பறிவாளன்'. விஷாலின் பாத்திரத்துக்குக் கணியன் பூங்குன்றன் என்று பெயர், பிரசன்னா வாட்சன் இடத்தில். ஒரு சின்னப் பையன் தன் நாயைக் கொன்றது யார் என்று கேட்டு வருகிறான், பெரிய வழக்கையெல்லாம் தள்ளிவிட்டு அந்த வழக்கை எடுத்துக்கொள்கிறார். டாயிலின் ஹோம்ஸ் அப்படித்தான், காசையும் அந்தஸ்தையும் பார்க்கமாட்டார், புதிர் நன்றாக இருக்க வேண்டும். அந்த இடத்தை மிஷ்கின் சரியாகப் பிடித்தார். பிரசன்னாவுக்கு இன்னும் வேலை கொடுத்திருக்கலாம் என்ற குறை எனக்கு இன்றைக்கும் உண்டு. இந்தியில் 2024இல் கே கே மேனன் நடித்த 'சேகர் ஹோம்' வந்தது, 1990களின் வங்காளச் சிற்றூரில் நடக்கிறது. கே கே மேனனுக்காகவே பார்க்கலாம்.

எது எந்தத் தளத்தில் இருக்கிறது என்பது மாதத்துக்கு மாதம் மாறும். நடிகர் பெயரையும் வருஷத்தையும் சேர்த்துத் தேடுங்கள், வெறும் ஷெர்லாக் ஹோம்ஸ் என்று போட்டால் நூறு வந்து நிற்கும்.

கடைசியாக, வயசான ஹோம்ஸ்

2015இல் வந்த 'மிஸ்டர் ஹோம்ஸ்' படத்தை மற்ற எல்லோரையும் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இயன் மெக்கெலன், 93 வயது ஹோம்ஸ். 1947, கிராமத்து வீடு, தேனீ வளர்க்கிறார். ஞாபகம் கழன்று கழன்று போகிறது, பெயர்கள் மறந்துவிடாமல் இருக்கச் சட்டைக் கையிலேயே எழுதி வைத்துக்கொள்கிறார். வாட்சன் இல்லை. வீட்டு வேலைக்கு இருக்கும் அம்மாவின் பையன், பத்து வயசு இருக்கும், அவன்தான் பக்கத்தில் இருக்கிறான். ஹோம்ஸைப் பார்க்கிற கண் இப்போது அவனுடையது.

இதை அப்புச்சியோடு பார்த்தேன். அப்போது அவருக்கும் பெயர்கள் நழுவத் தொடங்கியிருந்தன, என்னைப் பல சமயம் என் மாமன் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். படம் பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது, "இவன்தானே அன்னிக்குக் கையப் பாத்தவன்?" என்று கேட்டார். பிரெட்டை நினைத்துச் சொல்கிறார். "ஆமாங் அப்புச்சி, அவரேதானுங்க" என்றேன். "கூட இருந்தவன் எங்க?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. திரையில் அந்தப் பையன் தேன்கூட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், அப்புச்சி அவனைக் காட்டி, "சரி, இவன் இருக்கறான்" என்று சொல்லிவிட்டு மீதிப் படத்தையும் உட்கார்ந்து பார்த்தார்.

அக்கா மகள் நேற்று மெசேஜ் போட்டிருந்தாள், ஸ்பெக்கிள்ட் பேண்ட் படித்துவிட்டாளாம், ராத்திரி பிரெட்டைப் போடப் போகிறாளாம். கதவைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டுப் பார் என்று சொல்லியிருக்கிறேன்.